அத்தை கேட்ட ஒட்டுச் சீட்டு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சினிமாக் கொட்டகை இருக்கிறது. டிக்கெட் கிடையாது, இடைவேளை முறுக்கு கிடையாது, முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தலை மறைக்கிறது என்ற சண்டையும் கிடையாது. மொத்தம் 312 படங்கள். டெலிவிஷனுக்குக் கீழே, குழந்தையின் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அதன் பக்கத்தில் பாதிச் செங்கல் அளவில் ஒரு ஹார்ட் டிஸ்க். கொட்டகை என்று நான் சொன்னது இவ்வளவுதான்.

கட்டியவர் என் கொழுந்தனார். 2018-ல் மூன்று வார லீவில் அமெரிக்காவிலிருந்து வந்தவர், வந்த நான்காம் நாளே ஸ்குருடிரைவரும் கையுமாகக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். என் மாமனார் ரிடையரான நாள் முதல் வாங்கிச் சேர்த்த டி.வி.டி. தட்டுகள் அலமாரி நிறைய இருந்தன. அவற்றையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, அந்தப் பெட்டியில் 'ப்ளெக்ஸ்' என்ற சாதனத்தை அமர்த்தினார். ஸெர்வர் என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பரிமாறுகிறவன் என்று அர்த்தம், அவ்வளவுதான். டெலிவிஷனில் கேட்டால் டெலிவிஷனுக்கு, அடுக்களையில் கைப்பேசியில் கேட்டால் கைப்பேசிக்கு, கேட்ட இடத்தில் கேட்ட படத்தைக் கொண்டு வந்து வைக்கும்.

டெலிவிஷனைப் போட்டால் 312 படங்களும் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு போஸ்டராக, நவராத்திரிக் கொலு மாதிரி நிற்கும். வேண்டியதைத் தொட்டால் ஓடும். இந்தப் போஸ்டர்களை நாம் தேட வேண்டியதில்லை. படத்தின் பெயரையும் வருஷத்தையும் பார்த்து, இன்டர்நெட்டில் சினிமா விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்திலிருந்து பெட்டியே எடுத்து வந்துவிடும். ஆனால் வருஷத்தைச் சரியாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் வரும் கூத்து கொஞ்சநஞ்சமல்ல. 'குலேபகாவலி' என்று ஒரு படம் 1955-லும் வந்தது, 2018-லும் வந்தது. எம்.ஜி.ஆர். நிற்க வேண்டிய இடத்தில் பிரபுதேவா நின்றதைப் பார்த்து என் மாமனார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. 'தில்லு முல்லு' வேறு 1981-ல் ஒன்று, 2013-ல் ஒன்று. கோப்பின் பெயரோடு வருஷத்தை அடைப்புக் குறிக்குள் போட்ட பிறகுதான் வீட்டில் அமைதி ஏற்பட்டது.

மாமாவுக்கு இந்தக் களஞ்சியத்துப் போஸ்டர்கள் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "இது என்ன போஸ்டர்? யாரோ நேற்றுப் பண்ணினது போல இருக்கிறது" என்பார். அவரிடம் வேறு ஒரு பொக்கிஷம் இருந்தது. அந்தக் காலத்துக் கொட்டகைகளில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இல்லாவிட்டால் உங்கள் பாட்டிக்கு இருக்கும். மட்டக் காகிதத்தில் ரோஸிலும் பச்சையிலும் காவியிலும் ஒரு மேலட்டை, உள்ளே பாட்டுக்கள், முன்னால் கதைச் சுருக்கம். கதை முக்கியமான இடத்துக்கு வந்ததும், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நம்மை நடுத்தெருவில் விட்டுவிடும். மாமா சிறு வயது முதல் அவற்றைச் சேர்த்து வைத்திருந்தார். 2014-ல் பொழுதுபோகாமல் ஒரு ஸ்கேனர் வாங்கி, அட்டைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். நாங்களெல்லாம் சிரித்தோம்.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது நாங்கள் தரைத் தளத்தில் இருந்தோம். பீரோவின் கீழ்த்தட்டு முழுவதும் தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது. பாட்டுப் புத்தகங்கள் இருந்தது அந்தத் தட்டில்தான். மாமா அன்று ஒன்றும் சொல்லவில்லை. கூழை அள்ளி வெளியே கொட்டியதும் அவரேதான்.

அதனால், கொழுந்தனார் கொட்டகையைக் கட்டித் தந்ததும் மாமா செய்த முதல் காரியம், அந்த ஸ்கேன் படங்களைத் தேடி எடுத்து, எந்தப் படத்துக்குப் பாட்டுப் புத்தக அட்டை இருந்ததோ அந்தப் படத்துக்கு அதையே போஸ்டராக மாட்டியதுதான். மொத்தம் 43. கொலுவில் புதுப் பொம்மைகளுக்கு நடுவே பாட்டி காலத்து மரப்பாச்சி நிற்பதுபோல் அவை அங்கங்கே பழுப்பாக நின்றன.

மாமா 2022-ல் காலமானார். அதன் பிறகு அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் மூச்சை விட்டது. பழைய சாமான்காரரிடம் எடுத்துப் போட்டேன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை, அதாவது என் மாமியார், சினிமாவென்றால் உயிரை விடுவார். மத்தியானம் இரண்டு மணிக்கு வெற்றிலைப் பெட்டியுடன் உட்கார்ந்தால் ஐந்து மணிக் காப்பிக்குத்தான் எழுந்திருப்பார். போன வருஷம் மெள்ள மெள்ள அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. நான் பத்திரிகை ஆபீஸுக்குப் போகிறவள்; வீட்டில் நடப்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் கணக்குத்தான். 'மாமா இல்லாத குறை. மனசு லயிக்கவில்லை போலிருக்கிறது' என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். கண்ணில் ஏதோ கோளாறு என்று டாக்டர் சொன்னது தெரியும். சொட்டு மருந்து விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துவிட்டேன்.

சரி, கொட்டகையை அலங்கரித்தால் அத்தைக்கு உற்சாகம் வரும் என்று தோன்றியது. எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பையன் ஒருவன், தன் வீட்டுக் கொட்டகையைக் கைப்பேசியில் காட்டினான். போஸ்டர்களின் மேல் அழகழகாகச் சின்னச் சின்னப் பட்டைகள்! ஒரு மூலையில் படத்தின் தெளிவு இவ்வளவு என்று. ஓரத்தில் ரசிகர்கள் போட்ட மார்க்கு. இன்னொரு மூலையில் விருது பெற்ற படத்துக்கு ரிப்பன்.

"இதற்கு என்னப்பா பெயர்?" என்றேன்.

"ஓவர்லே, மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஓவர்லேயை நம் ஊர்ச் சுவர்கள் எத்தனை காலமாகப் பார்த்திருக்கின்றன! போஸ்டரை ஒரு தடவைதான் அச்சடிப்பார்கள். அதன்மேல், படம் ஓட ஓட, குறுக்கே ஒரு காகிதச் சீட்டை ஒட்டிக்கொண்டே போவார்கள். முதலில் 'இன்று முதல்'. அப்புறம் 'வெற்றிகரமான 50-வது நாள்'. 'தினசரி 3 காட்சிகள்'. கடைசியில், 'இன்றே இப்படம் கடைசி'. அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு அரக்கப் பரக்க அரிசி களைந்து வைத்துவிட்டு மாட்டினிக்கு ஓடிய குடும்பங்கள் எத்தனை! இப்போது பசை வாளிக்குப் பதில் கம்ப்யூட்டர்; அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தச் சீட்டு ஒட்டும் வேலையைச் செய்வதற்குக் 'கோமெட்டா' என்று ஒரு சாதனம் இருக்கிறது. 2024 வரையில் வேறு பெயரில் இருந்து வந்தது. பணம் கொடுக்க வேண்டியதில்லை. ப்ளெக்ஸ் பெட்டிக்குள் நுழைய ஒரு சாவியும், சினிமாக் களஞ்சியத்துக்குள் நுழைய ஒரு சாவியும் கொடுத்துவிட்டு, என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். நாம் வேறு மாதிரி சொல்லாவிட்டால் விடியற்காலை ஐந்து மணிக்கு அது வேலையைத் தொடங்கும். பால் பாக்கெட் வருகிற நேரம். நாம் காப்பிக்கு அடுப்பை மூட்டும்போது அது பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும்.

எழுதி வைக்கும் தாள் விஷயத்தில்தான் மடிசஞ்சித்தனம் அதிகம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இத்தனை இடம் விட வேண்டும் என்று கணக்கு. இரண்டு இடம் விட வேண்டிய வரியில் மூன்று விட்டுவிட்டால், வேலைக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். இரண்டு ராத்திரி போராடின பிறகு எனக்குச் சூட்சுமம் புரிந்தது. இது புள்ளிக் கோலம். முதல் வரிசையில் ஒரு புள்ளி நகர்ந்தால் கடைசியில் இழை சேராது. அப்படி நினைத்துக்கொண்டதிலிருந்து தவறு செய்யவில்லை.

மூன்றாம் நாள் காலை டெலிவிஷனைப் போட்டேன். அடடா! 312 போஸ்டர்களிலும் பட்டைகள் பளபளத்தன. அத்தையைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தேன்.

அத்தை தலையைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாருடைய முகத்திலேயும் விலைச் சீட்டு ஒட்டியிருக்கிறதே? ஆடித் தள்ளுபடியா?"

என் கணவர் காப்பியைத் துப்பாத குறைதான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் நியாயமாகச் சொன்னால், அத்தை சொன்னது சரி. 1961-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இத்தனை புள்ளித் தெளிவு, இந்த வகை ஒலி என்று எழுதுவதால் யாருக்கு லாபம்? சாவித்திரியின் கன்னத்தில் 7.9 என்று மார்க்குப் போட நாம் யார்?

எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். இங்கேதான் நான் சறுக்கினேன். சீட்டுக்களை எடுப்பதற்கு இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. ஒன்று, 'நீக்கு'. முதல் தடவை சீட்டு ஒட்டுவதற்கு முன் அடியில் இருந்த போஸ்டரைப் பிரதி எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்வது கோமெட்டாவின் வழக்கம். 'நீக்கு' என்றால் அந்தப் பழைய பிரதியையே திரும்ப மாட்டும். இரண்டாவது கட்டளை, 'புதுப்பி'. அதற்கு அர்த்தம் வேறு. இருப்பது எதுவானாலும் தள்ளிவிட்டு, களஞ்சியத்திலிருந்து புதிதாக ஒரு போஸ்டரை இறக்கி மாட்டும். அதன் கணக்கில் அன்று முதல் அதுதான் அசல். விவரமாக எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். எனக்குத்தான் அன்று அச்சுக்குப் பக்கம் போகிற நாள். படிக்கப் பொறுமை இல்லை. 'புதுப்பி' என்பது கேட்க நன்றாக இருந்தது. எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை விலைச் சீட்டுக்கள் போயிருந்தன. போஸ்டர்களெல்லாம் புதுக் கருக்கு மாறாமல் ஜொலித்தன. எவ்வளவு சுத்தம் என்று மகிழ்ந்துகொண்டே ஆபீஸுக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. பெட்டியின் உள் டிஸ்க்கில் இடம் குறைந்துவிட்டதாக எச்சரிக்கை வந்தது. காரணம் தெரிந்ததுதான். கோமெட்டா ஒவ்வொரு தடவை சீட்டு ஒட்டும்போதும் ஒரு புதுப் படத்தைப் பெட்டிக்குள் ஏற்றுகிறது. பழையவை உள்ளேயே தங்கிக் குவிகின்றன. அந்தக் குப்பையைக் கூட்டுவதற்கும் ஒரு ஆள் உண்டு: 'இமேஜ்மெய்ட்' என்று பெயர், வேலைக்காரியேதான். அவளிடம், 'எவ்வளவு குப்பை என்று மட்டும் சொல்' என்று கேட்கலாம். 'வேறிடத்தில் ஒதுக்கி வை' என்று சொல்லலாம், பிறகு வேண்டுமானால் திரும்பக் கொண்டு வருவாள். அல்லது 'கொட்டிவிடு' என்றும் சொல்லலாம். வீட்டு வேலையில் எனக்கு அரைகுறை பிடிக்காது. 'கொட்டிவிடு' என்றே எழுதி வைத்துவிட்டு, ஓட்டுவதற்கு முன் அடுப்பில் இருந்த பாலை இறக்கப் போனேன்.

கூடத்தில் அத்தையின் குரல் கேட்டது.

"அம்மாடி, மாமா ஒட்டின படமெல்லாம் எங்கே?"

"எந்தப் படம், அத்தை? எல்லாம் இருக்கிறதே."

"இல்லையே. காவியாய், ரோஸாய், அங்கங்கே ஒன்று தெரியுமே. ஒன்றைக் கூடக் காணோம். எல்லாம் ஒரே பளபளப்பாய் இருக்கிறது."

பாலை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஓடி வந்து பார்த்தேன். வரிசை வரிசையாகப் பார்த்தேன். 43-ல் ஒன்று இல்லை. புத்தகங்கள் வெள்ளத்தில் போயின. கம்ப்யூட்டரை நானே பழைய சாமான்காரரிடம் போட்டேன். மீதி இருந்ததை நானே, 'புதுப்பி' என்று என் கையால் எழுதி...

"என்னம்மா, பேசாமல் நிற்கிறாய்?"

"இதோ பார்க்கிறேன், அத்தை."

கொழுந்தனாருக்குப் போன் செய்தேன். அங்கே நடு ராத்திரி. தூக்கக் கலக்கத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணி, குப்பை கூட்டும் சாதனம் எதையாவது ஓட்டினீர்களா?"

"இன்னும் இல்லை. எழுதித்தான் வைத்திருக்கிறேன்."

"அதைத் தொடாதீர்கள்" என்றார் அவர். "தூங்கி எழுந்து பேசுகிறேன்."

அவர் எழும் வரையில் என்னால் காத்திருக்க முடியுமா? நானே தேடினேன். ஒரு படத்தைத் திறந்து, பென்சில் அடையாளத்தைத் தொட்டு, 'போஸ்டர்' என்ற பக்கத்துக்குப் போனால், அந்தப் படத்துக்கு இதுவரை மாட்டிய படங்களெல்லாம் சட்டைத் துணி மாதிரி மடித்து அடுக்கியிருந்தன. களஞ்சியத்துப் போஸ்டர்கள், விலைச் சீட்டு ஒட்டிய பாட்டுப் புத்தக அட்டை, கீழே, கடைசியில், சீட்டு இல்லாத வெறும் அட்டை. மாமா ஏற்றியது. பெட்டி அதைத் தூக்கி எறியவில்லை. நான் எறியச் சொல்லவிருந்த குப்பையில்தான் அது இருந்தது.

அன்று ராத்திரி அத்தையும் நானும் கூடத்தில் உட்கார்ந்து 43-ஐயும் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினோம். அத்தை சொல்லச் சொல்ல நான் தேடினேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். டெலிவிஷனில் இவ்வளவு பெரிதாகத் தெரியும் பெயரை அத்தை ஒரு தடவை கூடப் படிக்கவில்லை.

"காவி, மேலே நீலக் கட்டம். அது 'பாசமலர்'." "பச்சையில் ஒரு ஓரம் கிழிந்திருக்கும். மழையில் நனைந்தது. அது 'கல்யாண பரிசு'."

"அத்தை, எழுத்துத் தெரியவில்லையா?"

"நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு புகை நிற்கிறது, அம்மா. முகமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. ஓரமாய்ப் பார்த்தால் நிறம் தெரிகிறது. ஆறு மாசமாச்சு."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒவ்வொரு படத்துக்கும் உன்னையோ குழந்தையையோ கூப்பிட்டு, 'இது என்ன படம்?' என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பார்க்காவிட்டால் என்ன என்று விட்டுவிட்டேன்."

அடுத்த வாரம் கண் டாக்டரிடம் நானே கூடப் போனேன். விழித்திரையின் நடுவில் 'மாக்குலா' என்று ஓர் இடம் உண்டு. படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும் அதன் வேலை. வயதானவர்கள் சிலருக்கு அது தேய்ந்துபோகிறது. பக்கப் பார்வை தங்கும். நடுப் பார்வை மங்கும். அத்தைக்கு வந்திருக்கும் வகையில் போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. பெரிய எழுத்து, அழுத்தமான நிறம், நல்ல வெளிச்சம் இவை உதவும் என்றார் டாக்டர். அத்தை எதையும் தலையைச் சாய்த்துப் பார்ப்பது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதை இத்தனை நாள் அலட்சியப் பார்வை என்று நினைத்திருந்தேன்!

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "அத்தை, போஸ்டரில் சீட்டு ஒட்டத்தான் எனக்குத் தெரியுமே. உங்களுக்கு என்ன சீட்டு வேண்டும்? சொல்லுங்கள்."

அத்தை நன்றாக யோசித்தார். "சிரிப்புப் படமா, அழுகைப் படமா என்று தெரிந்தால் போதும். ராத்திரி வேளையில் தெரியாமல் அழுகைப் படத்தைப் போட்டுவிட்டால் அப்புறம் தூக்கம் வராது."

மார்க்கு, தெளிவு, ஒலி என்று அந்தப் பையன் காட்டிய பட்டியலில் இந்த இரண்டும் இல்லை. நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். முதலில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ரகசியக் குறிப்பு எழுதினேன். ப்ளெக்ஸில் அதற்கு 'லேபிள்' என்று பெயர். பிறகு கோமெட்டாவிடம், 'இந்த லேபிள் இருந்தால் இந்தச் சீட்டு' என்று சொல்லி வைத்தேன். ஐந்து மணிக்குச் சீட்டு ஒட்டியாயிற்று. பார்த்தால், 'சிரிப்பு' என்று இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள்! அதனிடம் இருந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். இப்போது தமிழ் வந்தது. ஆனால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், உயிர்மெய் உயிர் வேறு மெய் வேறாய்ப் பிரிந்து நின்றது. எழுத்தை வரிசையாக அடுக்கத் தெரிந்த சாதனத்துக்கு, கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது தெரியவில்லை. தமிழுக்கும், மற்ற இந்திய மொழிகளுக்கும் அதற்கென்று தனித் துணைச் சாதனம் வேண்டுமாம். அதனுடன் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. படம் வரையும் மென்பொருளில் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' எழுத்தில் சீட்டை நானே எழுதி, பின்னணி இல்லாத படமாகச் சேமித்து, 'இதை அப்படியே ஒட்டு' என்று கொடுத்துவிட்டேன். அது படத்தை ஒட்டுவதில் கெட்டிக்காரன்.

அளவுதான் பெரும் பாடு. கோமெட்டாவின் கணக்கில் ஒரு போஸ்டர் 1000 புள்ளி அகலம், 1500 புள்ளி உயரம். என் கண்ணுக்கு 150 புள்ளி உயரச் சீட்டே பெரிதாகத் தெரிந்தது. அத்தை தம் நாற்காலியில், டெலிவிஷனிலிருந்து எட்டடி தூரத்தில் உட்கார்ந்து, "தெரியவில்லை" என்றார். 220 என்றேன். "ஏதோ கோடு போல இருக்கிறது." கடைசியில் 340-ல் நின்றது. மஞ்சள் பட்டையில் கறுப்பு எழுத்தாகச் 'சிரிப்பு'. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக 'அழுகை'. போஸ்டரில் கால்வாசியை அது விழுங்கிவிட்டது. என் கணவர் பார்த்துவிட்டு, "கண்ணறாவியாக இருக்கிறது" என்றார். அழகாக இல்லைதான். யார் இல்லை என்றார்கள்?

எந்தப் படம் எந்த ஜாதி என்று பிரிப்பதில் ஒரு வாரம் வீடே அமர்க்களப்பட்டது. 'சபாபதி', 'காதலிக்க நேரமில்லை' இவற்றில் தகராறு இல்லை. 'பாசமலர்' பற்றிக் கேட்கவே வேண்டாம். 'கல்யாண பரிசு'தான் மாட்டிக்கொண்டது. தங்கவேலு எழுத்தாளர் பைரவன் என்று புளுகிக்கொண்டு வரும்போது வயிறு வலிக்கிறது (பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் அந்தக் காட்சியைச் சற்று நெளிந்துகொண்டேதான் பார்ப்போம்). முடிவிலோ நெஞ்சு வலிக்கிறது.

"இரண்டு சீட்டும் ஒட்டு" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். ஒன்று மேலே, ஒன்று கீழே ஒட்டினேன். நடுவில் மாமாவின் பச்சை அட்டை கொஞ்சம் தெரிகிறது.

மாமாவின் அட்டைகளை இனிமேல் நம்பிக்கையாக ஓர் இடத்தில் வைக்க வேண்டும் அல்லவா? பெட்டியின் உள்ளே நுழைந்து பார்த்தால், அவை வாயில் நுழையாத நீளப் பெயர்களுடன், வால் இல்லாத கோப்புக்களாகக் கிடந்தன. 43-ஐயும் பிரதி எடுத்து, ஒழுங்காகப் பெயர் வைத்து, 'அஸெட்ஸ்' என்ற தனிப் பெட்டகத்தில் படத்துக்கு ஓர் உறையாகப் போட்டேன். அங்கே இருந்தால், சீட்டு ஒட்டுவதற்கு முன் கோமெட்டா அதையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். இரண்டு பென் டிரைவிலும் போட்டேன். ஒன்று அமெரிக்கா போயிருக்கிறது. ஒன்று அத்தையின் நகைப் பெட்டியில் இருக்கிறது. பிறகுதான் குப்பை கூட்டுகிறவளைக் கூப்பிட்டேன். முதலில் 'எவ்வளவு என்று மட்டும் சொல்' என்றுதான் கேட்டேன்.

எல்லாம் முடிந்து ஒரு நாள் சாயங்காலம் பூத் தொடுத்துக்கொண்டிருந்த அத்தை, "இன்னும் ஒரு சீட்டு உண்டா?" என்றார்.

"எத்தனை வேண்டுமானாலும் உண்டு. என்ன எழுத வேண்டும்?"

"எழுத்து ஒன்றும் வேண்டாம். மாமாவும் நானும் சேர்ந்து பார்த்ததற்கு மட்டும் ஒரு பொட்டு வைக்கிறாயா? சிவப்பாய்."

அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1967-ல். மறு வருஷம் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய கதையை ஆனந்த விகடனில் வாரா வாரம் பிறந்த வீட்டில் படித்தவர், படத்தைப் புகுந்த வீட்டிலிருந்து போய்ப் பார்த்தார். மயிலாப்பூர் காமதேனுவில் எது, கபாலியில் எது, மவுண்ட் ரோட்டில் எது என்று அத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் கொட்டகைகளில் முக்கால்வாசி இன்று இல்லை. சில படங்களுக்கு, "இது இல்லை. இதற்கு உன் மாமா அவருடைய சிநேகிதர்களோடு போய்விட்டு வந்து பொய் சொன்னார்" என்று பொட்டு மறுக்கப்பட்டது. மொத்தம் 61 தேறின. போஸ்டரின் மேல் வலது மூலையில் 260 புள்ளி அகலத்துக்கு ஒரு வட்டம். இதற்கு எழுத்துத் தகராறு எதுவும் வரவில்லை. ஒரே தடவையில் சரியாக ஒட்டிவிட்டது.

போன வாரம் ஆபீஸில் மாட்டர் தயாரிக்கும் மும்முரத்தில் இருந்தபோது, மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போன் செய்தேன். வெகு நேரம் மணி அடித்தது. அத்தைதான் எடுத்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"அத்தை, சாப்பிட்டீர்களா? மாத்திரை போட்டுக்கொண்டீர்களா?"

"ஆச்சு, ஆச்சு. அப்புறம் பேசேன், அம்மா. பொட்டு வைத்தது ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது" என்று போனை வைத்துவிட்டார்.